யானைக்குப் பின்னால் கிடைத்த ஸ்பானர்

மஹாதேவன் பாதுகாப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஹெலிகாப்டரே கொட்டாவி விடும் என்று கல்கத்தாவில் ஹெலிகாப்டர்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் பேஹாலா ஹாங்கரில் சொல்வார்கள். ஹெலிகாப்டர் கம்பெனியின் பாதுகாப்பு மேலாளர் அவர். சுவரெங்கும் அவர் எழுதிய வாசகங்கள். ஒவ்வொன்றின் கீழும் அவர் பெயர், பட்டங்கள் சகிதம். டெல்லி, பம்பாய், கௌஹாத்தி என்று ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்திருக்கிறார், எல்லாம் ரயிலில். இத்தனை காலம் ஹெலிகாப்டர்களோடு குடித்தனம் நடத்தியும் அவர் ஒன்றில்கூட ஏறியதில்லை. அது அவர் மனைவி காமுவுக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் செய்ததில் உருப்படியானது ஒன்று உண்டு. அது கருவிப் பலகை. ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் பலகையில் சிவப்பு பெயிண்டால் வரையச் சொல்லி, அதன்மேல் அந்தக் கருவியை மாட்ட வைத்திருந்தார். சிவப்பு உருவம் ஏதாவது காலியாகப் பல்லிளித்தால், அந்தக் கருவி ஹெலிகாப்டரின் வயிற்றுக்குள் எங்கோ கிடக்கிறது என்று அர்த்தம். அது கிடைக்கிறவரை பறக்கக் கூடாது. எல்லாம் திரும்பி வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம். இந்தக் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் விஸ்வகர்மா பூஜைக்கு டெல்லியிலிருந்து சேர்மனே வருவதாகத் தகவல் வந்தது. கல்கத்தாவில் அந்தப் பூஜையன்று யாரும் ஸ்பானரைத் தொட மாட்டார்கள். கருவிகளையெல்லாம் துடைத்து, எண்ணெய் பூசி, யானைமேல் உட்கார்ந்திருக்கும் விஸ்வகர்மாவின் முன்னால் அடுக்கிவிடுவார்கள். சேர்மன் கண்ணுக்கு அடுக்கு அம்சமாகப் படவேண்டுமே என்று மஹாதேவன் ஓர் உத்தரவு போட்டார். முந்தின நாள் மதியமே அத்தனை கருவிகளும் சாமியிடம் வந்தாக வேண்டும், கையில் வைத்திருப்பவர்மேல் நடவடிக்கை. கருவிகள் வந்து சேர்ந்தன.

பூஜையன்று வானம் முழுக்கக் காற்றாடி. ஹாங்கரில் கிச்சடியும் ஆட்டுக்கறியும் மணத்தன. சாப்பிட்டு முடித்த சேர்மனுக்கு உற்சாகம் பிறந்தது. மறுநாள் காலை ஹூக்ளியையும் ஹவுரா பாலத்தையும் மேலேயிருந்து பார்க்கப் போவதாக, பத்திரிகைக்காரர்கள் முன்னிலையில் அறிவித்தார். அத்தோடு விட்டிருக்கலாம். மஹாதேவன் தோளில் கை போட்டு, பாதுகாப்பு மேலாளரே என் பக்கத்து சீட்டில் வருவார், இதைவிட என்ன சான்றிதழ் வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். மஹாதேவனும் தட்டினார்.

அன்று இரவு லேக் மார்க்கெட் வீட்டில் அவருக்குச் சாதம் இறங்கவில்லை.

"பயமா இருக்குன்னு சொல்லிட்டா என்னவாம்?" என்றாள் காமு.

"பாதுகாப்பு மேலாளர் பயப்படலாமாடி? ஆபீஸே சிரிக்கும்."

"எல்லாம் பத்திரமா இருக்குன்னு நீங்கதானே ஊரெல்லாம் சொல்லிண்டு வரேள். அப்போ ஏறி உக்கார வேண்டியதுதானே."

மஹாதேவன் தட்டை நகர்த்திவிட்டுக் கை கழுவப் போனார்.

மறுநாள் காலை, புது வெள்ளை சஃபாரி உடையில் எல்லோருக்கும் முன்னதாக ஹாங்கருக்குப் போனார். கருவிகள் இன்னும் சாமி முன்னால்தான் இருந்தன. மனமுருகக் கும்பிட்டார். குனிந்து எழுந்தபோது சின்ன ரிங் ஸ்பானர் ஒன்று அவர் கால்சட்டைப் பையில் இருந்தது.

மெக்கானிக்குகள் வந்து கருவிகளைப் பலகையில் மாட்டினார்கள். சேர்மனும் பத்திரிகைக்காரர்களும் வந்து சேர்ந்தபோது ஒரு சிவப்பு உருவம் காலியாக நின்றது. மஹாதேவன் தொண்டையைச் செருமினார். கடவுளே வந்து ஏறினாலும் அந்த ஸ்பானர் கிடைக்கிறவரை இந்த ஹெலிகாப்டர் பறக்காது என்று, பத்திரிகைக்காரர்கள் எழுதிக்கொள்ளத் தோதாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். சேர்மன் முகம் கறுத்தது. தலைமை எஞ்சினியர் பாதுடி மட்டும் மறுபேச்சுப் பேசவில்லை. விதி விதிதான் என்று, எல்லா மூடிகளையும் கழற்றச் சொன்னார்.

வால் பக்கம் டார்ச் அடித்துக்கொண்டிருந்த பாதுடி சட்டென்று அசையாமல் நின்றார். பிறகு சேர்மனை அருகில் வரச் சொன்னார். வால் விசிறியைத் திருப்பும் தண்டில் ஒரு நட்டு. பாதுடி விரலால் திருக, அது கழன்று அவர் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. அது கழலாமல் இருக்கக் குறுக்கே மாட்ட வேண்டிய கம்பிப் பின் அங்கே இல்லவே இல்லை.

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. பூஜைக்கு முந்தின நாள் ஒரு மெக்கானிக் அந்தத் தண்டின் போல்ட்டை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். நட்டை முறுக்குவதற்குள் சாமி பெயரால் ஸ்பானரைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பூஜை முடிந்து வந்து முறுக்கிக்கொள்ளலாம் என்று போனவர், இன்று விடுப்பு. அடுத்து வந்தவர் கருவிகள் எல்லாம் ஒப்படைக்கப்பட்டதைப் பார்த்தார். அப்படியென்றால் வேலை முடிந்தது என்றுதானே பலகை சொல்லிக் கொடுத்திருக்கிறது?

நடுவானில் கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சேர்மன் கேட்டார். பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டே கீழே வந்திருப்பீர்கள் என்றார் பாதுடி.

கவிழ்த்து வைத்திருந்த கிச்சடி அண்டாவின்மேல் சேர்மன் தொப்பென்று உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து மஹாதேவனை இறுகக் கட்டிக்கொண்டார். உங்கள் கண்டிப்பு எங்கள் உயிரைக் காப்பாற்றியது என்றார். அணைப்பில் ஸ்பானர் மஹாதேவனின் தொடையில் அழுந்தியது. கருவிகளை முன்னதாகப் பிடுங்கச் சொன்ன உத்தரவு யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. அவர் காதில் மட்டும் அந்தக் கேள்வி விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

சேர்மனுக்கு டெல்லியில் ஓர் அவசர வேலை ஞாபகத்துக்கு வந்தது. காரில் ஏறும்போது, ராஜதானி ரயிலில் டிக்கெட் கிடைக்குமா என்று உதவியாளரிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

ஆனால் ஸ்பானர் இன்னும் கிடைக்கவில்லையே. மெக்கானிக்குகள் வியர்க்க விறுவிறுக்க சீட்டுகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். மஹாதேவன் விஸ்வகர்மாவைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் வந்தார். "இதோ, யானைக்குப் பின்னாடி!" என்று கையைத் தூக்கிக் காட்டினார்.

பாதுடி வந்து யானையைப் பார்த்தார். பிறகு மஹாதேவனின் வெள்ளைக் கால்சட்டையைப் பார்த்தார். தொடைமேல், பூஜைக்குப் பூசிய எண்ணெய் ஊறி, இரண்டு முனையிலும் வளையம் வைத்த ஒரு ஸ்பானரின் உருவம் அச்சாகப் பதிந்திருந்தது.

"உங்க பலகை எங்கே இருந்தாலும் வேலை செய்யுது, மஹாதேவன் பாபு" என்று மெல்லச் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் மேலங்கியைக் கழற்றி நீட்டினார்.

"அந்த உத்தரவு..." என்று ஆரம்பித்த மஹாதேவனுக்கு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாக்கியம் முடியவில்லை.

அடுத்த வருஷம் வேலை முடிந்த பிறகு ஸ்பானர் வரட்டும், விஸ்வகர்மா காத்திருப்பார் என்றார் பாதுடி.

மதியம் நட்டை முறுக்கி, பின்னை மாட்டி, இருவர் தனித்தனியாகப் பார்த்தார்கள். மூன்றாவதாக மஹாதேவன் ஏணியில் ஏறி, விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். நகக்கண்ணில் கிரீஸ் ஏறியது. சோதனைக்குப் பறக்கப் போகும் பைலட், சார் வருகிறாரா என்று கேட்டார்.

"இல்லே. எனக்குப் பயம்" என்றார் மஹாதேவன்.

யாரும் சிரிக்கவில்லை. "எனக்கும்தான். அதனாலதான் அந்தப் பின்னை நானே மாட்டினேன்" என்று சொல்லிவிட்டுப் பாதுடி ஏறி உட்கார்ந்தார்.

ஹெலிகாப்டர் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் பூப்போல வந்து இறங்குகிறவரை மஹாதேவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். இறங்கியதும் விட்ட மூச்சில் பக்கத்தில் கிடந்த சாமந்தி இதழெல்லாம் பறந்தது.

வீட்டில் காமு அந்தக் கால்சட்டையை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். "ஏன்னா, இந்தக் கறை போகாது" என்றாள்.

"போக வேண்டாம், இருக்கட்டும்" என்றார் மஹாதேவன். நேற்று இறங்காத சாதம் இன்று மூன்று தடவை இறங்கியது.