இரண்டாகப் பிரிந்த இலை முத்திரை

வெள்ளிமலை மாயவன் போனில் சொன்னதைக் கேட்டதும் என் ஜெராக்ஸ் கடையைப் பூட்டிவிட்டு அவர் ஊர் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

"சார், அந்த கவர்ல இருந்த ஸ்டாம்ப ஊறவெச்சு எடுத்துட்டேன். ஓரத்துல ஒரு பல்லுகூட கிழியல!"

கள்ளக்குறிச்சியில் இருந்துகொண்டு நான் சேகரிப்பது பழைய அமெரிக்கத் தபால் முத்திரைகள், அதாவது தபால்தலைமேல் மையில் குத்தும் அடையாளங்கள். 1870களில் அங்கே சிற்றூர் போஸ்ட்மாஸ்டர்கள் கார்க்கைக் கத்தியால் செதுக்கி நட்சத்திரம், இலை என்று இஷ்டத்துக்கு முத்திரை செய்துகொண்டார்கள். எது எந்த ஊர் முத்திரை என்பதற்கு உறைதான் சாட்சி. பாதி இலை தபால்தலையிலும் பாதி உறையிலும் விழுந்து, பக்கத்தில் ஊர்ப் பெயரும் இருந்தால் சந்தேகமே வராது. தபால்தலையை உறையிலிருந்து பிரித்துவிட்டால் அந்தச் சாட்சி போயிற்று.

அந்த உறை என்னுடையதும் இல்லை. கடலூரில் இருக்கும் சேகரிப்பாளர் அரங்கநாதனுடையது. பட்டியல் போடச் சொல்லி நாற்பத்திரண்டு உறைகளை என்னை நம்பிக் கொடுத்திருந்தார். அதில் இந்த உறையின் இலை முத்திரையில் மட்டும் காம்பு இரட்டையாகத் தெரிந்தது. முத்திரை ஒருமுறை விழுந்ததா, இரண்டு முறையா? முப்பது வருஷம் தபால் ஆபீசில் முத்திரை குத்தி ஓய்வுபெற்ற மாயவனுக்குத் தெரியும் என்று கொடுத்தேன். அவரும் தபால்தலை சேர்ப்பவர். உறையிலிருந்து தபால்தலையை ஊறவைத்துப் பிரிப்பது அவருக்குக் கைவந்த பழக்கம். தண்ணீரில் போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை.

மாயவன் வீட்டு மேசையில் பழைய தினசரித்தாள். அதன்மேல் ஒருபக்கம் உறை, ஒருபக்கம் பச்சைத் தபால்தலை.

"எப்டி? பளிச்சினு இருக்குதா?" என்றார்.

"இன்னா மாயவன் இப்டி பண்ணிட்டீங்க" என்று உட்கார்ந்துவிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் செத்துவிட்டது.

அவர் மனைவி சாலம்மாள் டீயை வைத்தார். "நான் அப்பவே சொன்னேன், அடுத்தவங்க பொருள நோண்டாதன்னு. இந்த ஆளு கேட்டாதான?"

"நீ கம்னு இரு." மாயவன் என் பக்கம் திரும்பினார். "சார், உங்ககிட்ட அந்த கவரோட ஸ்கேன் இருக்குதில்ல? அத பாத்துகினு ஒட்டிடலாம். யாருக்கும் தெரியாது."

தபால்தலையை உறைமேல் வைத்துப் பார்த்தார். இலை நரம்போடு நரம்பு சேர்ந்தது. எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஒட்டிவிட்டால் பட்டியலில் என் கையால் 'மூல நிலையில் உள்ளது' என்று எழுத வேண்டும். ஒன்றில் பொய் எழுதிவிட்டால் மற்ற நாற்பத்தொன்றை யார் நம்புவார்கள்?

"வேணாம் மாயவன்."

வெளியே வந்து, சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்று கடலூருக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். ஊறவைத்தது மாயவன், கொடுத்தது நான், தப்பு என்னுடையது என்றேன்.

அரங்கநாதன் முதலில் கேட்டது இதைத்தான். "திரும்ப ஒட்டிட்டீங்களா?"

"இல்லீங்க."

"ஒட்டாதீங்க. ரெண்டையும் தனித்தனியா காகிதத்துல வெச்சு எடுத்துகினு வாங்க." பிறகு, "மத்ததையும் எல்லாம் எடுத்துகினு வந்துடுங்க" என்றார்.

பட்டியல் போட அந்த உறைகளைத் திரும்ப எப்போது தருவார் என்று நான் கேட்கவில்லை. சரிங்க என்றேன்.

உள்ளே மாயவன் தபால்தலையைத் தொடாமல், கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் காவல் மாதிரி நின்றிருந்தார்.

"இன்னா சொன்னாரு சார்?"

"எல்லா உறையையும் திருப்பிக் கேக்கறாரு. நாளைக்கு காலைல கடலூர் போவணும். நீங்களும் கூட வந்து நடந்தத நேர்ல சொல்லுங்க."