கால் மணி நேரம் மிச்சமிருந்த அறை

அந்த மாளிகை விற்பனைக்கு வந்தபோது அதன் இருபத்திரண்டு அறைகளில் மூன்றில் மட்டுமே அன்றைய தேதி இருந்தது. மீதிப் பத்தொன்பது அறைகளிலும் வேறு வேறு தேதிகள் நின்றிருந்தன. கட்டடத்தைப் பார்வையிட்டு அறிக்கை கொடுத்த பொறியாளர் இதை ஒரு வரியில் குறிப்பிட்டுவிட்டு, மாடியில் கூரை உத்தரம் உளுத்துப்போயிருக்கிறது என்பதை மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடிட்டார். சுற்றுவட்டாரத்தில் இது தெரியாதவர்கள் இல்லை. கீழ்வரிசை மூன்றாம் அறையைத் திறந்தால் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய மழை ஜன்னல் கண்ணாடியில் அடிக்கும். மாடியின் கிழக்கு மூலை அறையில் ஒரு குளிர்காலக் காலை நிற்கிறது. போர்வை இல்லாமல் உள்ளே போனவர்கள் தும்மிக்கொண்டுதான் வெளியே வந்தார்கள்.

வீட்டைக் கட்டியவர் ஒரு மரவியாபாரி. அவருடைய மனைவி இறந்த அன்று, உடலை எடுத்துக்கொண்டு போன கையோடு, அவள் வாசனை போய்விடக் கூடாது என்று முதலில் ஜன்னலையும் பிறகு கதவையும் சாத்தினார். ஆறு மாதம் மனதை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை, திறந்தார். வாசனை அப்படியே இருந்தது. கூடவே அந்த நாளின் பிற்பகல் இரண்டு மணியும் இருந்தது. அவள் பாதி குடித்து வைத்த பாலில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. கதவு திறந்திருக்கும்வரை அந்த நாள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது, சாத்தினால் நின்றுவிடுகிறது, ஜன்னலைத் திறந்துவிட்டால் மட்டும் இன்றைய தேதி உள்ளே புகுந்து எல்லாவற்றையும் கலைத்துவிடும் என்பதைப் போகப் போகத் தெரிந்துகொண்டார். அன்றிலிருந்து அது அந்த வீட்டின் வழக்கமானது. யாராவது ஓர் அறையில் இறந்தால் அந்த அறை மூடப்படும், மிச்சமிருப்பவர்கள் பக்கத்து அறைகளுக்கு நெருக்கிக்கொண்டு போவார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்து இறந்த ஒரு சித்தப்பாவால் குடும்பமே இரண்டு வருடம் கொல்லையில் குளித்தது. வாயாடி நாத்தனார் ஒருத்தி சண்டை வரும்போதெல்லாம், "பாருங்க, நான் சமையக்கட்டுல போய் உயிர விடுறேன். அப்புறம் என்னத்தத் திம்பீங்கன்னு பாக்கறேன்" என்று மிரட்டியே காரியம் சாதித்தாள். விருந்தாளிகளுக்குப் பயந்து, மூடிக்கிடந்த ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட மாமா ஒருவரை வீட்டில் மறந்தே போனார்கள். நான்கு வருடம் கழித்து வேறு எதையோ தேடித் திறந்தபோது அவர் ஒரு மயிர்கூட நரைக்காமல், "போயிட்டாங்களா?" என்று கேட்டார்.

நூற்றிருபது வருடம் இப்படிக் கழிந்து, கடைசியில் மிஞ்சியவள் அந்த வீட்டின் கடைசி மருமகள். கூடத்தில் படுத்து, சமையலறையில் சமைத்து, சாமான் அறையில் துணி மாற்றிக்கொண்டு காலத்தை ஓட்டினாள். அவளுக்கு ஒரே மகள். ஏழு வயதில் ஒரு விஷக்காய்ச்சல் அந்தப் பிள்ளையைக் கொண்டுபோனது. மாடியின் நடு அறை அதனால் மூடப்பட்டது. அன்றிலிருந்து புருஷன்காரர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஊரில் மௌனி என்று பெயர் வாங்கினார். இருபத்தாறு வருடம், சாப்பிட்ட நேரமும் தூங்கிய நேரமும் போக, மாடி நடையில் அந்தக் கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் உட்கார்ந்தபடியே இறந்தும் போனார். நடைக்குக் கதவும் கிடையாது, ஜன்னலும் கிடையாது. ஆகவே அந்தக் குடும்பத்தில் தன் தேதியை எங்கும் நிறுத்திவைக்காமல் போனவர் அவர் ஒருவர்தான்.

அவர் போய் எட்டு வருடம் கழித்து, நகரத்திலிருந்த கொழுந்தன் வந்து அண்ணியின் வீங்கிய முழங்காலையும் ஒழுகும் கூரையையும் பார்த்தார். "அண்ணி, நீங்க இங்க விழுந்து கெடந்தா தூக்க ஒரு ஆள் இல்ல. வித்துட்டு எங்ககூட வந்துடுங்க" என்றார். நல்ல மனிதர், மனதில் கள்ளம் கிடையாது. அவள் மூன்று நாள் யோசித்துவிட்டுச் சரி என்றாள். வாங்க வந்தவர் ஓர் ஓட்டல்காரர். உல்லாசமாக ஓய்வெடுக்க வருபவர்களுக்கு மழை வேண்டுமென்றால் மழை, வெயில் வேண்டுமென்றால் வெயில் என்று ஓர் இடம் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? ஒவ்வோர் அறையிலும் என்ன பருவம் நிற்கிறது என்று தரகர் பார்த்துக் குறித்துக்கொண்டு வர வேண்டும் என்பது மட்டுமே அவருடைய நிபந்தனை. மாடி நடு அறையை மட்டும் விட்டுவிடச் சொன்னாள் கடைசி மருமகள். அந்த வீட்டில் பெற்ற பிள்ளை இறந்த அறையை யாரும் திறந்து பார்ப்பதில்லை, தாங்காது என்பார்கள். ஆனால் உளுத்த உத்தரம் அந்த அறைக்கு மேலேதான் இருந்தது. அடுத்த மழைக்கு அது விழும், கூரை பிளந்தால் ஜன்னல் திறந்த கதைதான் என்று பொறியாளர் சொல்லிவிட்டார். சரி, எட்டிப் பார்த்துவிட்டு உடனே மூடிவிடுங்கள் என்று அவள் சாவியைக் கொடுத்தாள்.

தரகர் கதவைத் திறந்தார். சாயங்காலம் நாலு மணி வெயில் கட்டில்மேல் விழுந்திருந்தது. கட்டிலில் ஒரு சிறுமி படுத்திருந்தாள். நெற்றியில் ஈரத்துணி. அவள் தலையைத் திருப்பி, "அம்மா தண்ணி கொண்டாறேன்னு போனாங்க. வராங்களா?" என்று கேட்டாள். ஊரெல்லாம் பேசி விற்கும் அந்த மனிதர் கதவைச் சாத்திவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார்.

நடந்தது என்னவென்று பிற்பாடு எல்லோரும் கூட்டிக் கழித்துப் புரிந்துகொண்டார்கள். அன்று பிள்ளை தண்ணீர் கேட்டிருக்கிறாள். கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீர்தான் கொடுக்க வேண்டும் என்பது டாக்டர் சொல். தாய் கீழே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். அந்த நேரத்தில் டாக்டர் தகப்பனைத் தனியே கூப்பிட்டு, இன்னும் கால் மணி நேரம், அதற்குமேல் இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டு நோயாளியைப் பார்க்க ஓடினார். அந்தப் பருவத்தில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். வேறு வீட்டில் பிறந்த மனிதராக இருந்தால் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கதவைச் சாத்தினால் எதுவும் நின்றுவிடும் என்று பார்த்து வளர்ந்தவர் அவர். ஜன்னலைச் சாத்தினார், பிறகு கதவைச் சாத்தினார். நான்கு தலைமுறையாகப் பழகிப்போன வீடு, சாவு வரும்வரை காத்திருக்கவில்லை, அப்போதே நாலு மணியை நிறுத்திக்கொண்டது. இரண்டு டம்ளர்களுக்கிடையே தண்ணீரை ஆற்றியபடி மாடியேறி வந்தவளிடம், "போயிட்டா" என்றார். அவள் மயங்கி விழுந்து இரண்டு நாள் கழித்துத்தான் கண் திறந்தாள். அதற்குள் அவரே பெட்டி செய்து, அவரே ஆணி அடித்து, நான்கு பேரை வைத்துத் தூக்கிக்கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்திருந்தார்.

விஷயம் தெரிந்ததும் கடைசி மருமகள் அழவில்லை. அவளுக்கு வந்தது கோபம். மாடி நடையில், அவர் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்துபோன இடத்தின் எதிரே நின்று, "அடப்பாவி மனுஷா, ஒரு வார்த்தை சொன்னியா? முப்பத்துநாலு வருஷம்! எம்புள்ள தாகத்தோட கெடக்கா, நான் கீழ உக்காந்து சோறு தின்னுக்கிட்டிருந்தேனே" என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள். திட்டித் தீர்க்க அவருக்கென்று திறக்க ஓர் அறை இல்லை என்பது அவளுக்கு இன்னும் வலித்தது. மறுநாள் கோபம் வடிந்து, தனக்குத் தெரியாமல் தன் பங்கையும் சேர்த்து அந்தக் கதவைக் காவல் காத்தவர் அவர்தான் என்ற நினைப்பு வந்தபோதுதான் அழுதாள்.

எண்பத்திரண்டு வயதாகி, கை நடுக்கத்தால் வைத்தியத்தை விட்டுவிட்டிருந்த அதே டாக்டரை வண்டி வைத்துக் கூட்டிவந்தார்கள். "இப்ப அந்தக் காய்ச்சலுக்கு மருந்து இருக்கும்மா. கடையிலயே கிடைக்குது" என்று அவர் சொன்னதும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர் கையமர்த்தினார். "ஆனா அது வேலை செய்ய ஒரு ராத்திரியாவது ஆகும். அவளுக்கு இருக்கறது கால் மணிதான்." அதில் அரை நிமிடத்தைத் தான் செலவழித்துவிட்டதாகத் தரகர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள், எல்லாமே நல்லெண்ணத்தில் சொன்னவைதான். வீட்டை விற்கவே வேண்டாம், மூடியபடி இருக்கட்டும் என்றார் கொழுந்தன். வருடத்துக்கு ஒரு நிமிடம் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் பதினான்கு வருடத்துக்கு வரும் என்று கணக்குப் போட்டார் தரகர். ஓட்டல்காரர் வியாபாரிதான், ஆனாலும் தன் செலவில் கூரையைப் பழுது பார்த்து, அந்த அறையைக் கிரயத்திலிருந்து நீக்கிவிடுவதாகச் சொன்னார். "நீங்களும் உள்ள போய்க் கதவச் சாத்திக்கோங்கம்மா. உங்களுக்கும் வயசு நின்னுடும், அவளுக்கும் ஒண்ணும் ஆகாது. எங்க ஆளுங்க யாரும் தொட மாட்டாங்க" என்றார். அவள் அதை ஒரு வாரம் யோசித்தாள். அவளுக்கு ஆசை இருந்தது. யாருக்குத்தான் இருக்காது? துணிகளைக்கூட மடித்து வைத்துவிட்டாள். பிறகு கொழுந்தனைக் கூப்பிட்டு, "சாத்தின அறைக்குள்ள ஒண்ணும் நடக்காது தம்பி. நான் தண்ணிய நீட்டின கை நீட்டினபடியே இருக்கும். அவ குடிக்கவே மாட்டா" என்றாள். வருடத்துக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கும் அவளுக்கு ஒத்துவரவில்லை. நிமிடத்துக்கு ஒரு வயது கூடிப்போகும் தாயைப் பார்த்தால் பிள்ளை பயந்துபோகும்.

அவள் ஒரு வியாழக்கிழமையைத் தேர்ந்தெடுத்தாள். காலையிலேயே தலைமுடிக்குச் சாயம் பூசிக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்துவிட்டு, இது ஏமாற்றுவேலை என்று கழுவினாள். பாதி போனது, பாதி போகவில்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்து, இரண்டு டம்ளர்களுக்கிடையே நிதானமாக ஆற்றினாள். புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக்கொண்டாள். முழங்கால் வலியோடு ஒவ்வொரு படியாக ஏறினாள். கொழுந்தன் நடையில் நின்று, காற்றில் கதவு சாத்திக்கொள்ளாமல் பிடித்துக்கொண்டார். அதனால்தான் உள்ளே நடந்தது நமக்குத் தெரிந்தது.

பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஏம்மா இவ்ளோ நேரம்?" என்றாள்.

"தண்ணி ஆற நேரமாயிடுச்சு கண்ணு."

அவள் டம்ளர் முழுவதையும் குடித்தாள். தாயின் மடியில் தலையை வைத்துக்கொண்டு, உன் தலையெல்லாம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டாள். அடுப்புச் சாம்பல் என்று தாய் சொன்னதும் சிரித்தாள். அப்பா எங்கே என்று கேட்டதற்கு, இத்தனை நேரம் கதவுக்கு வெளியேதான் உட்கார்ந்திருந்தார் என்று பதில் வந்தது, அதில் பொய் எதுவும் இல்லை. பிறகு இருவரும் பள்ளிக்கூடத்தில் பென்சிலைத் திருடிய ஒரு பெண்ணைப் பற்றிப் பேசினார்கள். பதினோராவது நிமிடத்தில் பிள்ளை தூங்கினாள். பதினான்கு முடிந்தபோது மூச்சு நின்றது. கடைசி மருமகள் சற்று நேரம் மடியை அசைக்காமல் இருந்தாள். பிறகு எழுந்து போய், முப்பத்துநாலு வருடம் இறுகிப்போயிருந்த ஜன்னலைக் கொழுந்தனின் உதவியோடு தள்ளித் திறந்தாள். இன்றைய தேதி உள்ளே வந்தது. வெளியே மேகமூட்டம், வெயில் சட்டென்று போய்விட்டது.

பழைய குழியைத் தோண்டியபோது கிடைத்த பெட்டியில் ஏழு வயதுப் பிள்ளையின் கனத்துக்குத் துருப்பிடித்த பூட்டுகளும் தாழ்ப்பாள்களும் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டு அவளை வைத்தார்கள். கல்லில் எந்தத் தேதியைப் போடுவது என்று கல்தச்சர் கேட்டதற்கு, ரெண்டையும் போடு என்றாள் தாய். அவரும் ஒன்றின் கீழ் ஒன்றாகச் செதுக்கிக் கொடுத்தார்.

கிரயம் முடிந்தது. ஓட்டலும் நன்றாக நடக்கிறது. தொடக்கத்தில் மழை அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்ட புதுமணத் தம்பதி மூன்று வாரம் சாப்பாட்டுக்கு வரவில்லை. திறந்து பார்த்தபோது அவர்கள் செருப்பைக்கூடக் கழற்றி முடித்திருக்கவில்லை. அதற்குப் பிறகு ஆள் தங்கும்போது மட்டும் கதவு சாத்திக்கொள்ளாதபடி முட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். மாடி நடு அறையை மட்டும் யாரும் கேட்பதில்லை. மாடியிலேயே இன்றைய நாள் நடக்கும் ஒரே அறை என்பதால் பணியாளர்கள் தங்கள் கைக்கடிகாரத்தை அங்கே போய்ச் சரிபார்த்துக்கொள்கிறார்கள். ஒரு வருடம் கழித்து ஓட்டல்காரர் அழைத்ததன் பேரில் கடைசி மருமகள் ஒருமுறை வந்தாள். பிற்பகல் முழுவதும் அந்த அறையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நாலு மணி ஆனது, ஐந்தானது, சுவரிலிருந்த வெயில் மேலே ஏறி மறைந்தது. இருட்டிவிட்டதே, விளக்குப் போடட்டுமா என்று கேட்ட பணிப்பெண்ணிடம், போடும்மா என்றாள்.