'பு'வில் முடியும் சொற்கள்

1

இதைக் கதையாக எழுத நினைக்கவில்லை. "குளிர்காலத்துல குடும்பத்தோட வீட்டுக்குள்ள விளையாட அஞ்சு விளையாட்டு. கலகலப்பா எழுதுங்க" என்று ஒரு பத்திரிகை ஆசிரியர் கேட்டார். கேரம், பாம்பு ஏணி இரண்டையும் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன். மூன்றாவதாக 'கடைசி எழுத்து' என்று தலைப்புப் போட்டதும் கை நின்றுவிட்டது. நான்கு நாளாக நிற்கிறது. கட்டுரையில் பொய் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. கதை என்றால் உண்மையைச் சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள். அந்தத் தைரியத்தில்தான் இது.

2

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. [எல்லாக் குளிர்காலக் கதையும் இப்படித்தான் தொடங்குகிறது. வேண்டாம்.]

அந்த வீட்டில் நாங்கள் நான்கு பேர், அவர்களில் மூத்தவர் [ஆள்கணக்கு எடுக்க வந்தவன் மாதிரி இருக்கிறது.]

எங்கள் வீட்டில் ஒரே ஒரு ஹீட்டர். சரி, இதுவே இருக்கட்டும். சாயங்காலம் ஆனால் அதன் முன்னால் ஒரே போர்வைக்குள் எட்டுக் கால்களையும் நீட்டிக்கொண்டு உட்காருவோம். அப்பா லிஃப்ட் மெக்கானிக். எத்தனை சோப்புப் போட்டாலும் கையில் கிரீஸ் வாசனை போகாது. அம்மாவுக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. கேரம் காய் ஒன்று தொலைந்துபோய், அப்பாவின் கோட்டுப் பொத்தான் அந்த வேலையைப் பார்த்தது. அதைக் குழியில் தள்ளினால் "ஐயோ, என் நெஞ்சே!" என்று மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்வார். அந்தப் போர்வைக்குள் ஒரே ஒரு சாயங்காலம் திரும்பக் கிடைத்தால் போதும் என்று இப்போதும் ஏங்குகிறேன்.

கடைசி எழுத்து ஆட்டம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒருவர் சொன்ன சொல் எந்த எழுத்தில் முடிகிறதோ, அதில் அடுத்தவர் தொடங்க வேண்டும். 'பு' என்றால் 'பு'தான். 'ப'வை வைத்து ஒப்பேற்ற முடியாது, நடுவர் அம்மா. பத்து எண்ணுவதற்குள் சொல்லாதவர் பாத்திரம் கழுவ வேண்டும். சமையலறையில் ஹீட்டர் கிடையாது. தண்ணீர் கையைக் கடிக்கும்.

3

தள்ளிப்போட்டது போதும். அக்காவுக்குப் பேச்சு திக்கும். 'பு' வந்தால் அவளுடைய இரண்டு உதடுகளும் ஒட்டிக்கொண்டு பிரியாது. அவளுக்கு முந்திய முறை என்னுடையது. அப்பா 'படகு' என்றால் நான் 'குறும்பு'. 'பந்து' என்றால் 'துடுப்பு'. தற்செயல் இல்லை. பகலெல்லாம் யோசித்துச் சேர்த்துவைத்த சொற்கள் அவை.

அம்மா எண்ணுவாள். "ஏழு... ஏழரை... ஏழே முக்கால்..."

"எண்ணுறியா, எடை போடுறியா?" என்பார் அப்பா.

பத்து எப்படியும் வந்துவிடும். அக்கா எழுந்து போவாள். கழுவி முடித்து வந்து, சிவந்து ஜில்லிட்ட கைகளை என் கழுத்தில் வைப்பாள். நான் அலறுவேன். எல்லோரும் சிரிப்போம்.

[முதல் வரைவில் அக்கா சமையலறையில் நின்று அழுகிறாள். அழுதாளா என்று எனக்குத் தெரியாது. நான் ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை.]

4

இதுவரை எழுதியதை அக்காவுக்கு அனுப்பினேன். அவள் இப்போது பிரசவ வார்டில் நர்ஸ். வேண்டாம் என்றால் கிழித்துவிடுகிறேன் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். என் பயம் வேறு. நான் வேண்டுமென்றே செய்தேன் என்பது இத்தனை வருடம் அவளுக்குத் தெரியாமலே இருந்திருந்தால்?

மறுநாள் மதியம் போன் வந்தது.

"படிச்சேன். ஒரு பிழை இருக்கு."

"எங்கக்கா?"

"'பு'வுல நான் திக்கினதே இல்லடா. அது எனக்குத் தண்ணி பட்ட பாடு."

"அப்புறம் ஏன் ஒவ்வொரு தடவையும்..."

"சொல்லு வாய் வரைக்கும் வந்துடும். நிமிர்ந்து பார்ப்பேன். நீ இளிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்ப, 'இதோ மாட்டிக்கிட்டா'ன்னு. அப்படியே நின்னுடும். இதையும் சேர்த்து எழுது. அப்புறம் எங்க வேணா போட்டுக்கோ" என்றாள்.

5

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) நான் 'மன்னிப்பு' என்கிறேன். அதுவும் 'பு'வில்தான் முடிகிறது. [ரொம்பக் கெட்டிக்காரத்தனம். இந்தக் கெட்டிக்காரத்தனம்தானே அவளைச் சமையலறைக்கு அனுப்பியது? அடித்துவிட்டேன்.]

(ஆ) இந்தக் குளிருக்கு அக்கா குடும்பத்தோடு வருகிறாள், எல்லோரும் ஒரு போர்வைக்குள் [பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும். எனக்குப் பொய்.]

(இ) போனில் அக்கா "இருக்கியாடா?" என்று கேட்கிறாள்.

இது மட்டும் நடந்தது. நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. பிறகு என்ன சொன்னேன் என்பதை எழுதப்போவதில்லை. உங்களுக்கும் அப்படிச் சொல்ல ஒரு ஆள் இருந்தால் அந்த வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அதைச் சொல்லி முடிக்க ரொம்ப நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் அக்கா சிரிக்காமல் காத்திருந்தாள்.