அமுக்கி அளந்த சோறு

ஊர்த் தராசையெல்லாம் சரிபார்த்தவனுக்குத் தன் எடை தெரியவில்லை என்று தெருவில் ஒரு கேலி உண்டு. அதில் பொய் இல்லை. கிடங்கு ஒன்றில் தொங்கு தராசைக் கழற்றப் போய், ஏணியிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்ட நாளிலிருந்து தராசுக்காரனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. நிற்க முடியாதவனை வீட்டுத் தராசு நிறுக்காது. ஆகவே சனிக்கிழமைதோறும் பதினொரு மணிக்குப் பார்சல் அலுவலகத்துக்குப் போய், மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் சக்கர நாற்காலியோடு ஏறுவான். நாற்காலிக்குப் பதினாறு கிலோ நானூறு கிராம் கழித்தால் மிச்சம் அவன்.

"எந்த ஊருக்கு மாஸ்டர் அனுப்பணும்?" என்பார் பார்சல் கிளார்க், வாராவாரம்.

"எங்க வேணா அனுப்புங்க. நெத்தியில மட்டும் சீட்டு ஒட்டிடாதீங்க."

அக்காவின் வேலை அந்த எடையை நம்பித்தான் இருந்தது. பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவள், தம்பிக்காக நீண்ட விடுப்பில் வந்திருந்தாள். விடுப்பு முடியப் பத்து வாரம். தினமும் அவனைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது அவள்தான். இடையில் பாலமாகப் போடும் வழவழப்பான பலகைமேல் கையூன்றி அவனே மாறிக்கொண்டால் அவள் வேலைக்குத் திரும்பலாம். இல்லாவிட்டால் வேலையை விட வேண்டியதுதான். இப்போதைய எழுபத்தாறு கிலோவை அவன் தோள் தூக்காது, எழுபத்திரண்டைத் தூக்கும் என்று பயிற்சி கொடுப்பவர் சொல்லிவிட்டார். உணவு ஆலோசகர் ஒரு தாள் எழுதிக் கொடுத்தார். காலின் பெரிய தசைகள் வேலை செய்யாத உடம்பு, பழைய அளவுச் சாப்பாட்டைச் செலவழிக்காது. ஆகவே மதியம் ஒரு கப் சோறு, உட்கார்ந்தே இருக்கும் இடத்தில் தோல் புண்ணாகாமலிருக்க முட்டையும் பருப்பும், காய் தாராளம், டீயில் சர்க்கரை கிடையாது.

நாலு வாரம் தாளை மீறவில்லை. நாலாவது சனிக்கிழமை எழுபத்தாறு எண்ணூறு என்று வந்தது.

தொழில்புத்தி விடுமா? தராசில்தான் கோளாறு என்று முடிவுகட்டினான். திங்கட்கிழமை அரசு முத்திரை குத்திய இருபது கிலோ எடைக்கல்லை மடியில் வைத்துக்கொண்டு போய், மேடையின் நாலு மூலையிலும் கிளார்க்கை வைக்கச் சொல்லிச் சோதித்தான். நாலு மூலையிலும் இருபது. கிராம் பிசகவில்லை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் கிளார்க், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

அன்று மதியம் அவன் கருவிப்பெட்டியிலிருந்து சின்னத் தராசை எடுத்து மேசைமேல் வைத்தான். சோற்றைத் தனியாக நிறுத்தான். தாளில் ஒரு கப் என்றால் நூற்றைம்பது கிராம் என்று அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. தட்டில் இருந்தது இருநூற்று நாற்பது.

"அக்கா, எத்தனை கப் போட்ட?"

"ஒண்ணுதான். வேணும்னா கப்பைப் பாத்துக்க."

"அமுக்கினியா?"

அக்கா கரண்டியைக் கழுவினாள். ஏற்கெனவே கழுவிய கரண்டி அது.

"அமுக்கக்கூடாதுன்னு எங்கடா எழுதியிருக்கு?"

"தானிய மண்டியில உன்னை வேலைக்கு வச்சா முதலாளி கோடீஸ்வரன் ஆயிடுவான்."

"சிரிக்காத. உன் காலைத் துடைச்சு விடுறவ நான். குச்சி மாதிரி ஆயிடுச்சு. நாலு வாய் கூடப் போட்டா அதுல கொஞ்சம் சதை வைக்காதான்னு பாத்தேன். வேற என்னத்தைக் கண்டேன்?"

அவன் டேப்பை எடுத்து நீட்டினான். முதல் வாரம் தொடையும் இடுப்பும் அளந்து எழுதிய சீட்டு சுவரில் இருந்தது. அக்காவையே அளக்கச் சொன்னான். அவள் இரண்டு தடவை அளந்தாள். தொடை அதே அளவு. இடுப்பு மூன்று சென்டிமீட்டர் கூடியிருந்தது.

"கால் கேக்காதுக்கா. நீ போடுறதெல்லாம் வயித்துக்குத்தான் போகுது. அந்த வயித்தையும் சேத்து நீதான தூக்குற?"

அக்கா டேப்பைச் சுருட்டி வைத்தாள். இருநூற்று நாற்பதிலிருந்து கரண்டியால் எடுக்க ஆரம்பித்தாள், தராசு முள்ளைப் பார்த்தபடி.

அதற்குப்பின் எடை இறங்கியது, நத்தை வேகத்தில். விடுப்பின் கடைசிச் சனிக்கிழமை எழுபத்திரண்டு அறுநூறு.

"அறுநூறு கிராம் மிச்சம் நிக்குதே, மாஸ்டர்."

"கடைத் தராசா இருந்தா முத்திரை கிடைக்காது. நான் கடைத் தராசு இல்லையே."

திங்கட்கிழமை காலை அக்கா பையை மாட்டிக்கொண்டு கட்டிலருகே நின்றாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தான். பலகையைச் செருகி, நாற்காலியின் பூட்டை இருமுறை பார்த்து, கையூன்றி எழும்பினான். பாதியில் தோள் நடுங்கி, பலகைமேலேயே உட்கார்ந்துவிட்டான். அக்கா ஓரடி முன்னால் வந்தாள்.

"அங்கயே நில்லு."

நின்றாள். அவன் மூச்சு வாங்கிக்கொண்டான். இரண்டாவது எழும்பலில் நாற்காலிக்குப் போய்ச் சேர்ந்தான். ஒவ்வொரு காலாகக் கையால் தூக்கிப் பாதப்பலகையில் வைத்தான்.

அக்கா கையை அவிழ்த்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஏழு அம்பது பஸ்ஸைப் பிடிச்சிடுவேன். சோறு மேசையில மூடியிருக்கு."

"அமுக்கலையே?"

"தராசு உங்கிட்டதான இருக்கு."

மதியம் நிறுத்துப் பார்த்தான். நூற்று அறுபது. பத்து கிராமை எடுத்து ஓரமாக வைத்தான். சாப்பிட்டு முடித்த பிறகு, அதையும் சாப்பிட்டான்.