ஆறாம் லயத்துச் செவ்வாய்க்கிழமை

1952 மார்ச் பதினோராம் தேதி, இலங்கையின் வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஆறாம் லயத்து வரிசை வீடுகளின் மூன்றாம் காம்பராவில் பன்னிரண்டு வருஷம் மூன்று மாதம் இருந்தது. மற்ற இடங்களில் அது வழக்கம்போல ஒரே நாளில் முடிந்துவிட்டது.

அந்தக் காம்பராவில் இருந்தவர்கள் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் நல்லமுத்துவும் கொழுந்து பறிக்கும் அவர் மனைவி மீனம்மாவும். மார்ச் பதினோராம் தேதி காலை பத்து மணிக்கு ஹட்டனில் இலங்கைப் பிரஜாவுரிமை விசாரணை, வராவிட்டால் மனு தள்ளுபடி என்று பெப்ரவரி பதின்மூன்றில் கடிதம் வந்தது. தள்ளுபடியானால், பிறந்த மண்ணிலேயே அவர்கள் எந்த நாட்டுக்காரர்களும் இல்லை. ஆகவே அந்தத் தேதியை எதில் வைத்துக் காப்பாற்றுவது என்று கடிதம் வந்த சாயங்காலம் முழுக்க யோசித்தார்கள். கிளாக்கர் சிவசாமி தம் டயரியைக் கொடுத்தார். அது 1949ஆம் வருஷத்தது. கிழமைகளைத் தவிர மற்றதெல்லாம் சரியாக இருக்கும் என்றார். கடைக்கார அன்ஸார் தினசரிக் காலண்டர் கொடுத்தார். "விடிஞ்சா ஒன்னு கிழிங்க. இதுக்குப் படிப்பு வேணாம்" என்றார். மீனம்மா அதைச் சுவரில் மாட்டினாள். நல்லமுத்து இரண்டையும் நம்பாமல், தம் துண்டில் இருபத்தாறு முடிச்சுப் போட்டு, நாளுக்கு ஒன்றாக அவிழ்த்துவந்தார்.

தோட்டத்தில் நாள் என்பது கூலிக் கணக்கில் பேர் விழுந்த நாள்; பேர் விழுந்தால்தான் நல்லமுத்து முடிச்சை அவிழ்த்தார். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை, பேர் இல்லை. நான்கு முடிச்சுகள் தங்கின. மழைக்கு மலையிலிருந்து பாதியில் இறக்கிவிட்டால் அரைப் பேர். அப்படி இரண்டு நாள் போனதில் இன்னொன்று தங்கியது.

"இன்னைக்குப் பதினொன்னுங்க" என்றாள் மீனம்மா, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகும்முன்.

"அஞ்சு முடிச்சு இருக்கு பாரு."

"காலண்டர்ல பதினொன்னு இருக்கே."

"அது கடைக்காரர் குடுத்தது புள்ள. இது நான் போட்டது."

சாயங்காலம் சிவசாமி, "ஹட்டனுக்குப் போகலியாப்பா?" என்று கேட்டபோதுதான் நல்லமுத்துவுக்கு விளங்கியது. வீட்டுக்கு வந்து துண்டின் முடிச்சுகளை மறுபடி எண்ணினார்.

"நீங்க போய்ப் பேர் குடுக்குற வரைக்கும் இந்தத் தாளக் கிழிக்க மாட்டேன்" என்றாள் மீனம்மா.

கிழிக்கவில்லை. நாளும் போகவில்லை. உள்ளே எப்போதும் செவ்வாய்க்கிழமை காலைதான்; அலாரம் மணிக்கூடும் விசாரணை நேரமான பத்துக்குத் திரும்பி அங்கேயே நின்றது. அன்று மூட்டிய அடுப்பு பிறகு விறகே கேட்கவில்லை. பக்கத்துக் காம்பராக்காரர்கள் அதில் சோறு வடித்துக்கொண்டார்கள். "ஒங்க செவ்வா நல்லா எரியுது மீனம்மா" என்பாள் அடுத்த வீட்டு வேலாயி. நல்லமுத்துவும் மீனம்மாவும் வெளியே போய் மற்றக் கிழமைகளில் வேலை செய்தார்கள், நரைத்தார்கள், செவ்வாய்க்கிழமைக்குத் திரும்பினார்கள். நல்லமுத்து ஹட்டன் விசாரணைக் கந்தோருக்குப் பலமுறை போனார். அங்கே வேறு தேதிகள் நடந்துகொண்டிருந்தன.

ஏப்ரலில் தள்ளுபடிக் கடிதம் வந்தது. வாசலில் சிவசாமி அதைக் கடைசி எழுத்துவரை வாசித்தார். உள்ளே கொண்டுபோனதும் வெற்றுத்தாள். அதன் தேதி அங்கே இன்னும் வந்திருக்கவில்லை.

1964 ஜூன் ஒன்பது, வெளியேயும் செவ்வாய்க்கிழமை. பழைய கோப்புகளைச் சரிபார்க்க ஓர் அதிகாரி லயத்துக்கு வந்தார். தள்ளுபடிக் கடிதத்தைக் கேட்டார். மீனம்மா வெற்றுத்தாளைக் கொடுத்தாள். திருப்பிப் பார்த்தார். சுவரைப் பார்த்தார், பதினொன்று. அலாரம் மணிக்கூட்டைப் பார்த்தார், பத்து. நேரம் தவறாத மனிதர். முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "பேர்?" என்றார்.

"நல்லமுத்துங்க."

ஒரு மணி நேரம் கேட்டு எழுதினார். 11.3.52 என்று தேதி போட்டுக் கையெழுத்திட்டார். வெளியே வந்து ஒருமுறை வாசித்துப் பார்த்தார். பிழை எதுவும் இல்லை. உரிமைச் சீட்டு முறைப்படி வந்தது. அந்த வருஷக் கடைசியில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப ஒப்பந்தம் ஆகி, பிறகு வேலாயி வீட்டார் வட்டவளை ஸ்டேஷனில் பெட்டிகளோடு ரயில் ஏறியபோது, நல்லமுத்துவும் மீனம்மாவும் வழியனுப்பும் பக்கத்தில் நின்றார்கள்.

அன்று அதிகாரி போனதும் மீனம்மா காலண்டர் தாளைக் கிழித்தாள். நல்லமுத்து துண்டிலிருந்த ஐந்து முடிச்சுகளையும் அவிழ்த்தார். மறுநாள் புதன்கிழமை. அடுப்புக்கு விறகு வேண்டியிருந்தது.