‘தொந்தரவு இல்லை’ என்று போட்ட கையெழுத்து

பட்டாளத்தாரின் மனுவை அலுவலகம் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டது. இரண்டு முறையும் காரணம் ஒன்றுதான். பதினெட்டு வருடங்களுக்கு முன்பு, பட்டாளத்தை விட்டு வரும் நாளில் நடந்த மருத்துவச் சோதனையில், ‘உடம்பில் தொந்தரவு எதுவும் இல்லை’ என்ற வரிக்குக் கீழே அவர் ஜம்மென்று கையெழுத்துப் போட்டிருந்தார். நுரையீரல் கெட்டது பணியில் இருந்தபோதுதான் என்று நிரூபித்தால்தான் அரசாங்கச் செலவில் வைத்தியம். நிரூபிக்க வேண்டியவரோ தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லி வைத்திருக்கிறார்.

“கையெழுத்து மட்டும் அச்சுக் கோத்த மாதிரி இருக்கு. புத்தி எங்க போச்சோ!” என்று மூன்று மாதமாக மனைவி பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள்.

இன்று கடைசி வாய்ப்பு. அலுவலகம் நியமித்த மருத்துவரே நேரில் பார்த்து முடிவு சொல்வார். பஸ்ஸிலேயே அவள் பாடம் நடத்தினாள். “டாக்டர் கேட்டா உள்ளதைச் சொல்லுங்க. ரெண்டு படி ஏறினா இரைக்குதுன்னு சொல்லுங்க. முகாம்ல நாலு வருஷம் குப்பை எரிச்ச புகையைச் சொல்லுங்க. வீராப்பு வேண்டாம்.”

“சரி சரி. நான் என்ன சின்னப் பிள்ளையா?”

மருத்துவருக்கு நரைத்த தலை, விறைப்பான முதுகு. அவரும் பட்டாளத்தில் இருந்தவர்தான் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. அதுவே வினையாகப் போயிற்று. “உடம்புக்கு என்ன தொந்தரவு?” என்று அவர் அதட்டலாகக் கேட்டதும், பட்டாளத்தார் குதிகால்களைச் சேர்த்து நிமிர்ந்து, “எதுவும் இல்லை, சார்!” என்று முழங்கினார். முழங்கியதில் கிளம்பிய இருமல் ஒரு நிமிடம் நிற்கவில்லை.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். “டாக்டர், இந்த மனுஷன் வாயில அதைத் தவிர வேற வராது. நான் சொல்றேன்...”

“நீங்க சொல்றதை எழுத முடியாதும்மா. அவர்தான் சொல்லணும்.” மருத்துவர் குரலைத் தணித்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார். “உட்காருங்க. அன்னிக்கு எதுக்குக் கையெழுத்துப் போட்டீங்க? அப்பவே இருமல் இருந்திருக்குமே?”

“இருந்துச்சு சார். சொன்னா ரெண்டு வாரம் ஆஸ்பத்திரியில நிறுத்தி வச்சிடுவாங்க. எல்லாரும் இல்லைன்னு சொல்லிட்டுத்தான் ரயில் ஏறுவோம்.” தரையைப் பார்த்தார். “இவளுக்கு அப்போ ஒன்பதாம் மாசம். முதல் பிள்ளை தவறிப்போனப்ப நான் பக்கத்துல இல்ல.”

மனைவி கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள். மகள் பிறந்த நேரத்துக்குச் சரியாக வந்து நின்றாரே என்று ஊரெல்லாம் பெருமையடித்தவள் அவள்தான். எப்படி வந்தார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

“இப்ப எந்த ரயிலையும் பிடிக்க வேண்டியதில்ல. நிதானமாச் சொல்லுங்க,” என்றார் மருத்துவர்.

பட்டாளத்தார் ஆரம்பித்தார். முகாமின் பின்புறக் குழி, அதில் எரிந்த டயர், பிளாஸ்டிக், மருந்துக் கழிவு, கறுப்பாக வந்த சளி. தேதிகளும், கூட நின்றவர்களின் பெயர்களும் பிசகாமல் வந்தன. மருத்துவர் எல்லாவற்றையும் எழுதிவிட்டு, “இது போதும். பணியில வந்த நோய்தான்னு நான் எழுதித் தந்துடறேன்,” என்றார். ஆனால் பட்டாளத்தாரின் திறந்த வாய் மூடவில்லை.

“படுத்தா மூச்சு நின்னுடுது சார். திரும்ப வராதோன்னு பயமா இருக்கு. இவ பயந்துடுவாளேன்னு ராத்திரி முழுக்கச் சுவத்துல சாஞ்சு உட்கார்ந்து டிவி பாக்கற மாதிரி நடிக்கிறேன்.”

மூன்று மாதமாகச் ‘சொல்லுங்க, சொல்லுங்க’ என்று அவரைப் பிடுங்கியெடுத்தவள், ஓடிப்போய் அவர் வாயைப் பொத்திவிடலாமா என்று தவித்தாள்.