வெளியே போட்ட நாற்காலி

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். மாதம் ஒரு முறை மருத்துவமனைக்குப் போக வேண்டும். எட்டு விஷயங்களைக் கேட்டு மதிப்பெண் போடுவார்கள்; எண் கூடினால் நோய் கூடுதல் என்று அர்த்தம். எதுவும் மூன்றைத் தாண்டாமல் ஆறு மாதம் தள்ளிவிட்டால், நோய் தணிந்திருக்கிறது என்று டாக்டர் கடிதம் தருவார். கடிதத்தைக் காட்டினால் பைண்டிங் கடை முதலாளி அவனைத் திரும்ப எடுத்துக்கொள்வார். எனக்கும் பகலில் கொஞ்சம் மூச்சு விட முடியும்.

ஐந்து மாதம் தேறிவிட்டான். ஐந்து தடவையும் பக்கத்தில் நான் இருந்தேன். காதில் குரல் கேட்கிறதா என்பார்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு இல்லை என்பான். நானும் தலையாட்டுவேன். வீட்டில் குழாயைத் திறந்துவிட்டு, வாளி வழிந்தாலும் அவன் அங்கேயே நிற்பதை நான் சொல்லவில்லை. வாளியை வழியவிடாத வீடு எங்கே இருக்கிறது?

ஆறாவது மாதம் பார்த்துக் கேள்வி கேட்பவர் மாறிவிட்டார். வந்தவள் சின்னப் பெண். படித்த திமிர் துளியும் இல்லை, அதுவே எனக்கு எரிச்சல். அவனிடம் முதலில் தனியாகப் பேசுகிறேன் என்று என்னை வெளியே அனுப்பினாள். வராந்தாவில் கால் ஆடும் நாற்காலி ஒன்று. கால் மணி நேரத்தில் முடிகிற வேலை முக்கால் மணி ஆகியும் முடியவில்லை. 

கூப்பிட்டதும் போய்த் தாளைத்தான் பார்த்தேன். ஏழு கட்டங்களில் ஒன்றும் இரண்டும். ஒன்றில் மட்டும் ஐந்து. தினமும் குரல் கேட்கிறதாம். டாக்டரிடம் மருந்தைப் பற்றிப் பேசலாம், ஆறு மாதக் கணக்கை மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான் என்றாள்.

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டது.

"அஞ்சு மாசம் வாயே திறக்கல. இன்னிக்குப் போய் ஏன்டா சொன்னே?"

"இன்னிக்குத்தானே நீ பக்கத்துல இல்ல. குரல் கேக்கலன்னு நான் சொன்னதும் நீ ஒரு பெருமூச்சு விடுவே அக்கா. அதைக் கேட்டப்புறம் வேற எதுவும் சொல்ல மனசு வராது."

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்தினாள். அவன் தரையைப் பார்த்தபடி, தண்ணீர் சத்தத்தில் குரல் கொஞ்சம் அடங்கும் என்றான். குழாயை மூடு மூடு என்று தினமும் கத்தியவள் நான். வெட்கமாக இருந்தது.

அவனிடம் இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும் என்றாள் அவள். யாரும் சொல்லாமலே எழுந்து வெளியே போய், அந்தக் கால் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.